நாயை நடுரோட்டில் விட்டால் அபராதம் ரூ.50தானா?

ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். அலுத்துப் போனதும் காரில் ஏற்றிக் கொண்டு போய், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கி விட்டுப் பறந்து விடுகிறார்கள். சென்னைக்கு இது புதிய சங்கதி அல்ல. காப்பகத்து கேட்டில் கட்டிப் போட்டு விட்டுப் போகிறவர்களாவது தேவலை. ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும். நடுரோட்டில் விட்டால் அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

தெரு நாய் வேறு, வீட்டு நாய் வேறு. தெருவிலே பிறந்த நாய்க்கு எந்தக் கடையில் பன் போடுவார்கள், எந்தச் சந்தில் நுழைந்தால் மற்ற நாய்கள் குதறும், லாரி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது எல்லாம் அத்துப்படி. தட்டில் சோறு வைத்து வளர்த்த நாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். போன கார் திரும்பி வரும் என்று பார்த்துக் கொண்டே இருக்கும்.

விளம்பரத்தைப் பார்த்து...

2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் சப்பை மூக்கு 'பக்' நாய் ஒரு பையன் பின்னாலேயே ஓடியது. உடனே ஊரெல்லாம் பக் மோகம்! பிறகு வந்தது பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கும் ஹஸ்கி. சித்திரை வெயிலில் மனுஷனே தவிக்கிற ஊரில், கம்பளி மாதிரி ரோமம் கொண்ட நாய்க்கு என்ன கதி? சப்பை மூக்கு நாய் வெயிலில் மூச்சு விடவே திணறும். டாக்டர் செலவு ஏறும். அப்போதுதான் வளர்த்தவருக்கு ஞானம் பிறக்கும்.

வேறு சாக்கும் உண்டு. வேலை மாற்றலாகி விட்டது, வீட்டுக்காரர் ஒத்துக் கொள்ளவில்லை, குழந்தை பிறந்திருக்கிறது, நாய் கிழடாகி விட்டது. சில குடியிருப்புகளில் சங்கத்துக்காரர்கள் தொல்லை. ஆனால், நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்புச் சங்கம் தடை போட முடியாது என விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லி விட்டது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்று டீக்கான காசு!

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு இதைச் சொல்கிறது. முதல் தடவை மாட்டினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது ரூ.10. அதிகபட்சம் ரூ.50!

1960-ல் 50 ரூபாய் என்றால் சுமார் அரைப் பவுன் தங்கம். இன்று மூன்று பேர் டீ குடித்தால் தீர்ந்தது. தங்கம் எங்கேயோ போய் விட்டது. அபராதம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

வளர்ப்பு நாய்க்கு லைசென்சும் மைக்ரோசிப்பும் கட்டாயம், லைசென்ஸ் இல்லாவிட்டால் ரூ.5,000 அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025-ல் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் 5,000, ரோட்டில் தள்ளி விட்டால் 50 என்றால், கணக்குப் பார்க்கிற ஆசாமி எதைச் செய்வான்?

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவு. தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைத்து விடுவார்கள். கருவியைக் காட்டினால் நம்பர் தெரியும். நம்பரை வைத்து சொந்தக்காரரைப் பிடிக்கலாம். ரோட்டில் பிடிபடும் ஒவ்வொரு வீட்டு நாய் மீதும் அந்தக் கருவியைக் காட்ட வேண்டும். விட்டவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் சிப் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

அதற்குத் தெரு ஏது?

ஒரு காலத்தில் சென்னை மாநகராட்சி பிடித்த நாய்களைக் கரண்ட் வைத்துக் கொன்றது. விமானி கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் விடாமல் போராடியதில், 1990-களின் நடுவில் அந்தக் கொடுமை நின்று கருத்தடை ஆபரேஷன் வந்தது. ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2001-ல் வந்த மத்திய அரசு விதி. 2023-ல் வந்த புது விதியும் அதையே சொன்னது.

தெரு நாய்க்கு அது சரி. வீட்டு நாயை எங்கே கொண்டு போய் விடுவது? அது காப்பகத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பரில் உத்தரவு போட்டது. காப்பகத்தில் இடத்துக்கு இன்னும் கிராக்கி! நெரிசலில் ஒரு நாய்க்கு பார்வோ, டிஸ்டெம்பர் வந்தால் மற்றதற்கும் தாவும்.

ஆகவே காப்பகத்திலிருந்து ஒரு நாயை வீட்டுக்கு அழைத்து வருகிறவர் இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறார். அழைத்து வந்தது ஒன்று. காலியான இடத்தில் வண்டியில் அடிபட்டு வந்து படுக்கிற நாய் இன்னொன்று.

குட்டியே வேண்டுமா?

வருகிறவர்கள் எல்லோரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். வளர்ந்த நாய் கம்பிக்குப் பின்னாலேயே கிழடாகிறது. உண்மையில் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு வளர்ந்த நாய்தான் சவுகரியம். எவ்வளவு உயரம், என்ன குணம், குழந்தைகளிடம் எப்படி என்பது அங்கே பார்த்துக் கொள்பவர்களுக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். ஆபரேஷன், தடுப்பூசி ஆகி விட்டதா என்றும் கேட்டுச் சீட்டை வாங்கிக் கொள்ள வேண்டும்.

கூட்டி வந்த உடனே வாலாட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் பதுங்கும். ஓரிரண்டு நாள் சாப்பிடாமலும் இருக்கும். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வேடிக்கை காட்டாமல், குளிப்பாட்டுகிறேன் என்று இழுக்காமல் சும்மா விட வேண்டும். வெளியே போனால் கழுத்துப் பட்டையும் சங்கிலியும் கெட்டியாக இருக்க வேண்டும். பயந்த நாய் ஒரு பட்டாசுச் சத்தத்துக்கே பிய்த்துக் கொண்டு ஓடி விடும்.

தெரு நாயைத் தத்தெடுப்பவர்கள் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டிலேயே சொல்லி விட்டது. காசு கொடுத்து ஜாதி நாய் வாங்கியவருக்கு மட்டும் அந்தப் பொறுப்பு கிடையாதா?

50 ரூபாய் அபராதத்தை மத்திய அரசு திருத்த வேண்டும். எல்லாக் காப்பகத்துக்கும் சிப் பார்க்கும் கருவியை மாநகராட்சி கொடுக்க வேண்டும். நாய் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். செய்வார்களா?