பட்டணத்து ஏச்சும் தோட்டத்து ஓட்டும்

தோட்டத்துத் தமிழரின் அரசியல் அறியாமையைக் கண்டித்துப் பேசாத பட்டணத்துப் பிரசங்கி இன்று அரிது. அரிசி மூட்டைக்கு ஓட்டை விற்கின்றனர் என்பார். கோயிற் கூரைக்குத் தகரம் கொடுத்தவனையே தலைவனென்று கொண்டாடுகின்றனர் என்பார். இங்ஙனம் ஏசுகின்ற கனவான்களில் அநேகர் அதே லயத்திற் பிறந்து, அதே தோட்டப் பள்ளியிற் படித்து, நாலெழுத்துத் தெரிந்தவுடன் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தவர்களேயாவர். பிழைப்பைத் தேடிப் போனது குற்றமன்று. போனபின் இருப்பவனை ஏசுவதற்கு என்ன யோக்கியதை உண்டு என்பதே நமது கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 1957-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி, ஒரு தொகுதியின் வாக்காளர் தொகை சராசரியினின்றும் நூற்றுக்கு 15-க்கு மேல் வேறுபடலாகாது. 1962-ல், கிராமத் தொகுதி பட்டணத் தொகுதியிற் பாதியளவாய் இருக்கலாமெனத் திருத்தினர். 1973-ல் அவ்வரம்பும் ஒழிந்தது. பலன் யாது? 2022-ம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர். சரவாக்கின் ஈகான் தொகுதியில் 30 ஆயிரம் பேர்கூட இல்லை. இரண்டுக்கும் பிரதிநிதி ஒருவரே. இஃது அநீதி, எதிர்க்கத்தக்கது. ஆனால் அது தீருமட்டும், படித்தவரெல்லாம் ஓட்டுக்கு மதிப்புக் குறைந்த இடத்திற் போய்க் குவிந்துகொண்டு, மதிப்பு மிகுந்த இடத்தை யாருக்கு விட்டுவைக்கின்றோம்? இந்தியர் பெரும்பான்மையாயுள்ள பாராளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றேனும் இல்லை என்பதையும் மறக்கலாகாது.

நிற்க. "அடையாளக் கார்டில் தோட்டத்து விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதோ?" என்பார் சிலர். குடியிராத இடத்தைக் குடியிருப்பாகக் காட்டுவது நாணயமன்று, பிரயோஜனமுமில்லை. ஓட்டு நாள் ஒன்றுக்கு மட்டும் காரேறி வருபவனை எவன் நம்புவான்?

மெய்யாகவே குடியேறினாலும், ஆள வருபவனை ஊர் ஏற்காது. அமெரிக்காவில், அரசாங்கத்தின் அதிகாரத்தைக் குறைக்க விரும்பிய கூட்டத்தார் 20 ஆயிரம் பேர் ஒரே ராஜ்யத்திற் குடியேறுவதெனத் திட்டமிட்டு, 2003-ல் நியூ ஹாம்ப்ஷயரைத் தெரிந்தெடுத்தனர். அங்கே குரோய்டன் என்னும் சிற்றூரில், 2022 மார்ச்சில், அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் பிரேரணையால் பள்ளிச் செலவு பாதியாக வெட்டப்பட்டது. மே மாதத்தில் ஊரார் திரண்டுவந்து அத்தீர்மானத்தைக் கவிழ்த்தனர்.

நமது பேராக்கிலேயே மறுவிதமான உதாரணம் உண்டு. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு 1974 முதல் அசைக்க முடியாதவராய் இருந்தார். அவரை எதிர்த்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் 1999-ல் தோற்றார், 2004-லும் தோற்றார், 2008-ல் வென்றார். தோற்றபின் ஊரைவிட்டுப் போகாமல், தோட்ட மக்களின் வீட்டு வழக்கிலும் கூலி வழக்கிலும் கூடநின்றதன் பலன் அது. "அறியாமை மிக்கவர்" எனப்பட்ட அதே தோட்டத்தார்தாம் அந்த ஓட்டையும் போட்டனர்!

ஆகவே தோழர்களே! பீடோரிலும் தாப்பாவிலும் தெலுக் இந்தானிலும் உத்தியோகம் கிடைத்தால் ஏன் தள்ளுகின்றீர்? பென்ஷன் பெற்ற ஆசிரியர் ஏன் திரும்பலாகாது? வந்து குடியிருங்கள். தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்திற் சேருங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள். செம்பனை வெட்டுகிறவனுக்குச் சம்பளச் சீட்டை வாசித்துச் சொல்லுங்கள். தலைவராக வரவேண்டாம், அண்டை வீட்டாராக வாருங்கள். அதன்பின் தோட்டத்தானை ஏச வேண்டுமாயின் தாராளமாக ஏசலாம். அவனும் உங்களைத் திருப்பி ஏசுவான். அங்ஙனம் இருவரும் நேருக்கு நேர் ஏசிக்கொள்ளும் நாளில்தான் அரிசி மூட்டைக்காரனுக்குப் பயம் பிறக்கும்.