டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டுப் பறக்கும் ராணுவ விமானங்கள்: பயணிகளுக்கு என்ன பாதுகாப்பு?

2025 டிசம்பர் 12. கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவில் இருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய ஜெட்புளூ விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. திடீரென அதே உயரத்தில், அமெரிக்க விமானப்படையின் எரிபொருள் நிரப்பும் விமானம் ஒன்று குறுக்கே வந்தது. ஏறுவதை நிறுத்திய விமானி, கட்டுப்பாட்டு அறையிடம் கொதித்துப்போய்ச் சொன்னார்: அவர்கள் டிரான்ஸ்பாண்டரையே போடவில்லை. வெனிசுவேலாவைக் குறிவைத்து அமெரிக்கா அங்கே படைகளைக் குவித்திருந்த நேரம் அது.

ரகசிய விமானத்தைப் பார்த்து விமானிகள் திகைப்பது புதிதல்ல. 1950-களில் சிஐஏ-வின் யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் மின்னியதைப் பார்த்தவர்கள் 'பறக்கும் தட்டு' என்று புகார் எழுதினார்கள். அது என்னவென்று விமானப்படைக்குத் தெரியும், ஆனால் வெளியே சொல்ல முடியாது. அன்றைய பயணிகள் விமானங்கள் 20,000 அடிக்குக் கீழேதான் பறந்தன என்பதால் மோதும் ஆபத்தாவது இல்லை. குராசோவில் அந்த இடைவெளியும் இல்லை.

கருவி ஏன் எச்சரிக்காது?

பயணிகள் விமானத்தில் 'டிகாஸ்' என்ற மோதல் தடுப்புக் கருவி இருக்கும். பக்கத்தில் பறக்கும் விமானங்களிடம் "எந்த உயரத்தில் இருக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பதில் சொல்வது டிரான்ஸ்பாண்டர். அதை அணைத்துவிட்டால், டிகாஸைப் பொறுத்தவரை எதிரே ஆளே இல்லை. மிச்சம் இருப்பது விமானியின் கண் மட்டும்தான். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், இடைவெளி நொடிக்கு சுமார் 450 மீட்டர் குறையும்.

இது சட்டவிரோதமா?

இல்லை, சிக்கலே அங்கேதான். 1944 சிகாகோ ஒப்பந்தம் ராணுவம், சுங்கம், போலீஸ் விமானங்களுக்குப் பொருந்தாது. சிவில் விமானங்களின் பாதுகாப்பை நாடுகள் 'உரிய கவனத்தில்' கொள்ள வேண்டும் என்கிறது அதன் 3-வது பிரிவு. அந்தக் கவனம் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும்? அதைப் பற்றி அந்தப் பிரிவில் எதுவும் இல்லை.

அதனால் எல்லா நாடுகளும் அடுத்தவரைத்தான் கைகாட்டுகின்றன. 2014 டிசம்பரில் கோபன்ஹேகனில் இருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் விமானத்துக்கு அருகே, டிரான்ஸ்பாண்டரை அணைத்த ரஷ்ய உளவு விமானம் வந்ததாக ஸ்வீடன் குற்றம்சாட்டியது. 70 கி.மீ. தள்ளித்தான் இருந்தோம் என்றது ரஷ்யா. கூடவே, நேட்டோ விமானங்கள் மட்டும் போட்டுக்கொண்டா பறக்கின்றன என்ற எதிர்க்கேள்வியும் வந்தது.

உள்நாட்டிலும் விலக்கு

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்தது. ஆனால் இருப்பிடத்தை இன்னும் துல்லியமாக அறிவிக்கும் 'ஏடிஎஸ்-பி' சிக்னல் போகவில்லை. அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. விமானங்கள் தரையிறங்கும் பாதைக்குக் கீழேயே ஹெலிகாப்டர் வழித்தடம் போட்டிருந்தார்கள். ஆனாலும், முக்கிய ரகசியப் பணிகளுக்கு என்று 2019-ல் ஏடிஎஸ்-பி விலக்கு கொடுத்திருந்த நாட்டில், அன்று நடந்தது வெறும் பயிற்சி.

குராசோ சம்பவம் நடந்த அதே வாரம், வாஷிங்டன் வான்வெளியில் ராணுவ ஹெலிகாப்டர்களுக்கு மறுபடி விலக்கு தர வழிவிடும் பிரிவு ஒன்று பாதுகாப்பு மசோதாவில் இருந்தது. விபத்தை விசாரித்த வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டியும், இறந்தவர்களின் குடும்பத்தினரும் அதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். மசோதா அந்தப் பிரிவோடுதான் சட்டமானது.