பெயர் தெரியாத மரங்களா, பெயர் கேட்காத மனிதர்களா?

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வரும் நமது சஞ்சிகைகளைப் புரட்டிப் பாருங்கள். கவிதை என்றால் பனி பெய்யும். கதை என்றால் நிலக்கீழ் ரயில் ஓடும். இரண்டிலும் தவறாமல் ஓர் ஓரத்தில் 'பெயர் தெரியாத மரம்' ஒன்று இலையுதிர்த்து நிற்கும். அதன் கீழே நின்று கவிஞர் ஊரை நினைப்பார். வாசிக்கிற நாமும் ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்துக்குப் போவோம். இந்தப் பெயர் தெரியாத மரத்தைப் பற்றி, றெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவுகிற, வெங்காயம் வெட்டுகிற நாங்கள் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மரத்துக்குப் பெயர் இருக்கிறது. நாங்கள் வாழும் ஜேர்மன் நகரத்தில், கவிஞர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்தில் நிற்பது லிண்டே மரம். இலை அரசிலை மாதிரி இதய வடிவம், ஆனால் நுனியில் அந்த நீண்ட வால் இல்லை. யூன் கடைசியிலும் யூலையிலும் பூக்கும். பூத்தால் தெரு முழுக்கத் தேன் மணக்கும். கோடையில் அதன் கீழே காரை விட்டால் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒட்டும். அது இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளின் கழிவு. அதைத் திட்டித் திட்டிக் கழுவுகிற நம்மவருக்கு மரத்தின் பெயர் தெரியாது. பெர்லினின் பேர்போன தெருவுக்கே 'லிண்டே மரங்களின் கீழ்' என்றுதான் பெயர்.

எங்கள் குசினியில் வேலை செய்கிற போலந்துக்கார அக்காவுக்கு அது லிப்பா. தடிமன் பிடித்தால் அதன் காய்ந்த பூவை அவித்துக் குடிப்பார். அவருடைய மொழியில் யூலை மாதத்தின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது. துருக்கிக்கார அண்ணருக்கு அது இஹ்லமூர். அவரும் அவித்துக் குடிப்பவர்தான். அவர்களுடைய ஊரிலும் அந்த மரம் நிற்கிறது, ஆகவே தெரிந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். சரி. நமக்குத் தெரியாதது குற்றமில்லை. பத்து வருடம் அதன் கீழே நின்றும் ஒருவரிடமும் கேட்காததுதான் குற்றம்.

இதைச் சொன்னபோது எழுதுகிற நண்பர் ஒருவர் சீறினார். அகதிக்கு நிலம் அந்நியம், அந்த அந்நியத்தைச் சொல்லத்தான் பெயரில்லாத மரம், அது ஒரு படிமம் என்றார். முதல் பத்துத் தடவை அது படிமமாக இருந்திருக்கலாம். நூறாவது தடவை அது வெறும் சோம்பல். துயரம் என்று எழுதிவிட்டால் சோம்பலும் இலக்கியமாகிவிடும் என்ற பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கிறோம். ஊரில் நின்ற மரங்களின் பெயர் மட்டும் நமக்குத் தெரிந்திருந்ததா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம். பனை, மா, பலா, வேம்பு, முருங்கை தெரியும். வேலியில் நின்ற கிளுவை, பூவரசு, முள்முருக்கு தெரியும். அதற்கு மேல்? மீதியெல்லாம் நமக்கு வெறும் பத்தை. எந்த இலை பிள்ளையின் வயிற்றுக்கு ஆகும், எந்தக் கிழங்கு ஆகாது, மாடு எதை மோந்துவிட்டுத் திரும்பும் என்பதெல்லாம் குழை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது பாட்டன்மார் கிணற்றுக் கட்டில் ஏறவிடாமல் தள்ளி நிறுத்தி வைத்தார்களே, அவர்களுக்கு. அவர்களிடம் போய்ச் செடியின் பெயர் கேட்பது நமது கௌரவத்துக்கு இழுக்கு. மனிதர்களின் பெயரையே 'அவன், இவன்' என்று தின்றவர்கள், செடியின் பெயரைக் கேட்டிருப்போமா? இன்று போலந்துக்காரியிடமும் துருக்கிக்காரரிடமும் கேட்காமல் நம்மைத் தடுப்பதும் அதே பழைய நோய்தான். அகதி விசாவில் அதுவும் கூடவே வந்திருக்கிறது.

கற்க முடியாதவர்கள் அல்ல நாம். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டு, பிறகு வன்னிக்குள் போன சனத்தில் நாங்கள் சிலர் சிறுவர்களாக இருந்தோம். பாலை, வீரை, முதிரை என்று அங்கேதான் கேட்டோம். பாலைப்பழம் தின்று, பால் ஒட்டிய உதட்டைப் பிரிக்க முடியாமல் நின்றோம். பசி கேட்க வைத்தது, காட்டோடு வாழ்ந்த சனம் சொல்லித் தந்தது. அந்தப் பெயர்கள் இன்றும் மறக்கவில்லை.

பிறகு எங்களில் சிலர் பல்கலைக்கழகம் போய், தாவரவியல் தொடங்கி, முடிக்காமல் இங்கு வந்து சேர்ந்தோம். கார்த்திகைப்பூவுக்கு இலத்தீனில் குளோரியோசா சுப்பேர்பா என்று பெயர், 1753 இல் லின்னேயஸ் வைத்தது என்று பரீட்சைத் தாளில் எழுதத் தெரியும். அந்தப் படிப்பின் பெறுமதி ஒரு சித்திரை மாதத்தில் தெரிந்தது.

இங்கே வசந்தம் தொடங்கும்போது காட்டு நிலத்தில் பெயர்லவுக் என்று ஓர் இலை முளைக்கும். 'கரடி உள்ளி' என்று பொருள். கசக்கினால் உள்ளி மணம். றெஸ்ரோறன்ற்களில் சூப்பிலும் சோஸிலும் அரைத்துப் போடுவார்கள். எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைப் பக்கம் போய் ஒரு பை நிறையப் பிடுங்கிவிட்டான். வீட்டில் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கப்போவதாகச் சொல்லி, வேலைக்கு வந்தபோது பையையும் கொண்டுவந்து காட்டினான். தலைமைச் சமையற்காரர் அதை மேசையில் கொட்டினார். ஒவ்வொரு இலையாகப் பார்த்து, ஏழெட்டு இலையைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு முழுவதையும் குப்பைவாளியில் போட்டார். ஹேர்ப்ஸ்ற்சைற்லோசே என்றார். எல்லா இலையும் உள்ளி மணந்ததே என்றான் தம்பி. பத்து இலை பிடுங்கினால் உன் கையே உள்ளி மணக்கும், பிறகு எதைத் தொட்டாலும் அதே மணம்தான் என்றார் அவர்.

அந்தச் செடி இலையுதிர் காலத்தில், ஓர் இலைகூட இல்லாமல், மெல்லிய ஊதா நிறத்தில் பூக்கும். இலை அடுத்த வசந்தத்தில்தான் வரும். அப்போது பூ இருக்காது. ஆகவே பெயர் தெரியாதவனுக்கு அது இன்னொரு பச்சை இலை. அதிலிருக்கும் நஞ்சு கொல்சிசின். தின்று சில மணி நேரம் போன பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஆளையே கொல்லும். கரடி உள்ளி என்று நம்பி இதைத் தின்று இந்த நாட்டவர்களே இறந்திருக்கிறார்கள்.

இப்போது கேளுங்கள். அதே கொல்சிசின்தான் நமது கார்த்திகைப்பூச் செடியிலும் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் நிறைய. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். தமிழ்நாட்டில் அதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கால் மூட்டு வீங்கும் கௌட் வருத்தத்துக்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். நவம்பர் மாதத்தில் அந்தப் பூவின் வடிவத்தைச் சட்டையில் குத்திக்கொள்பவன்தான் அந்தத் தம்பி. அவனுக்கும் இது தெரியாது. தாவரவியல் தொட்டுவிட்டு வந்த எங்களுக்கும் அந்த மேசையில் கிடந்த இலையைத் தெரியவில்லை. 'அந்தக் கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவு' என்று ஊரில் ஓர் ஆச்சி சொல்லியிருப்பார். நாம் கேட்கவில்லை. பூவைச் சின்னமாக்கத் தெரிந்தது, செடியை அறியத் தெரியவில்லை. கவிதையில் அழகாக நின்ற 'பெயர் தெரியாத செடி' அன்று ஒரு குடும்பத்தின் இராச் சாப்பாடு ஆகியிருக்கும்.

இனி மறுபக்கத்தில் நிற்கும் தூய்மைக்காரர்களிடம் வருவோம். எங்கள் பிள்ளைகள் போகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஒரு பிள்ளை 'கோவா' என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு. 'முட்டைக்கோசு' என்று திருத்தம். பப்பாசியைப் பப்பாளி ஆக்கினார்கள். செவ்வரத்தை செம்பருத்தி ஆயிற்று. தேசிக்காய், கச்சான், தோடம்பழம் எல்லாவற்றுக்கும் 'சரியான தமிழ்' வந்தது. எது சரி? கோவா போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, போஞ்சி ஒல்லாந்தரிடமிருந்து. ஆனால் கோசு மட்டும் எந்தச் சங்கத்தில் பிறந்தது? பப்பாசியும் பப்பாளியும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரே பழத்தின் இரண்டு பெயர்கள். ஒன்று நமது அம்மா சொன்னது. அதைப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கினால் அம்மாவையும் சேர்த்துத்தான் பிடுங்குகிறோம்.

நமது முன்னோர் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர்கள். போர்த்துக்கேயரோடு ஓர் உறைப்புக் காய் கரையிறங்கியபோது அதைப் 'பெயர் தெரியாத காய்' என்று பாடிக்கொண்டு நிற்கவில்லை. மிளகு போல உறைக்கிறது, காய், ஆகவே மிளகாய். முடிந்தது வேலை. அன்னமுன்னாவை வந்த பெயரோடேயே வாங்கி நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். நட்டவர்களும் சமைத்தவர்களும் விற்றவர்களும் வைத்த பெயர்கள் இவை. பண்டிதரிடம் அனுமதி கேட்கவில்லை.

நாமும் அதையே செய்யலாம். லிண்டேயை லிண்டே என்றே எழுதுங்கள். தமிழில் ஒரு மரத்தைப் பிடித்து அதன் இடத்தில் நட வேண்டாம். ஆங்கிலத்தில் அதற்கு லைம் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பவர் அகராதியைப் பார்த்து ஜேர்மன் தெருவில் தேசிமரத்தை நட்டுவிடுவார். எங்கள் குசினியில் 'கரடி உள்ளி' இப்போது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அந்தத் தம்பி அதைச் சொல்லும்போது மற்றதன் பெயரையும் சேர்த்தே சொல்கிறான்.

ஊரிலிருந்து வந்து நமது வீட்டு ஹோலில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாமாரை, ஆச்சிமாரை ஒரு கொப்பியோடு போய்க் கேளுங்கள். நாற்பது செடிகளின் பெயராவது வரும். அவர்களோடு அவை போய்விட்டால் பிறகு எந்த நூலகத்திலும் தேட முடியாது. அதேபோல் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் தெரு மரத்தின் பெயரையும் கேளுங்கள். உச்சரிப்புப் பிழைத்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்த இதழிலும் 'பெயர் தெரியாத மரம்' வந்தால் நாங்கள் ஒன்றைத்தான் கேட்போம்: ஐயா, நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?