பாட்டியின் தமிழை நான் தவறாக மொழிபெயர்த்தேன்

மேசையில் ஒரு படத்தை வைத்து, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார் பேச்சுச் சிகிச்சையாளர். படத்தில் இருந்தது கத்தரிக்கோல். என் பாட்டி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கத்தரிக்காய்" என்றார். சிகிச்சையாளர் என் பக்கம் திரும்பினார்.

"சரியாகச் சொல்லிவிட்டார்" என்றேன் நான்.

அது பொய். பாட்டியை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று சொன்ன பொய். அன்று மட்டும் அப்படி நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம் அது. வீட்டில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுவதால், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அங்கே மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பாயின.

பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர் பாட்டி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு அவருடைய படிப்பு நின்றது. சந்தையில் காய்கறி வாங்கவும் பேருந்து ஏறவும் போதுமான மலாய் தெரியும். பக்கவாதம் வந்தபின் அந்த மலாய் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. தமிழ் அரைகுறையாக மிஞ்சியது.

பெரும்பாலானோருக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் வலக்கையும் வலக்காலும் செயலிழப்பதோடு பேச்சும் குலையலாம். இதை அஃபேசியா என்கிறார்கள். அறிவு அப்படியே இருக்கும், சொல்தான் அகப்படாது. கத்தரிக்கோலைப் பார்த்துக் 'கத்தி' என்று சொன்னால் பொருளில் நெருங்கிய சொல் வந்திருக்கிறது. 'கத்தரிக்காய்' என்று சொன்னால் ஒலியில் நெருங்கிய சொல் வந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு தவறுகள். எந்த வகைத் தவறு மிகுதி என்று பார்த்தே பயிற்சியை அமைக்க வேண்டும். நானோ பாட்டியின் தவறுகளைச் சிகிச்சையாளரின் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் மனம் கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பாட்டி சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொண்டு வரும்படி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. அதே மருத்துவமனை, அதே கட்டணம், அதே சிகிச்சையாளர். பக்கத்து மேசையில் மலாய்க்காரத் தாத்தா ஒருவர் தம் தாய்மொழியில் பயிற்சி பெற்றார். என் பாட்டி பேரப்பிள்ளையின் வாய் வழியாகப் பெற்றார். ஹக்கா மட்டுமே பேசிய ஒரு சீனப் பாட்டிக்கும் எங்கள் நிலைதான். மருந்தும் ஊசியும் மொழி பார்ப்பதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு மொழிதான் மருந்து. அந்த மருந்து எல்லா இனத்தாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

நம் சமூகத்துக்கு இது சிறிய விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. நம் வீடுகளில் சாதாரணமாக 'இனிப்புநீர்' என்று சொல்லிவிட்டுப் போகும் இந்த நோயும் உயர் ரத்த அழுத்தமும் ரத்தக் குழாய்களைக் கெடுத்துப் பக்கவாதத்துக்கு வழி திறக்கின்றன.

அடுத்தது, நேரம். இங்கே எங்கள் குடும்பத்தின் தவற்றையும் சொல்லியாக வேண்டும். அன்று காலை பாட்டியின் வாய் ஒரு பக்கம் கோணியது. இனிப்புநீர் இறங்கியிருக்கும் என்று அம்மா சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தார். பக்கத்து வீட்டு அத்தை கையில் தைலம் தேய்த்துவிட்டார். அப்பா வந்துவிடட்டும் என்று காத்திருந்தோம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது.

ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே மூளையை ஸ்கேன் செய்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். நாங்கள் அந்த நேரத்தைத் தேநீரிலும் தைலத்திலும் கழித்துவிட்டோம். தேநீர் கொடுத்ததே ஆபத்தாம்: விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

முகம் கோணினால், கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 999ஐ அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் சொல்லுங்கள். என் பாட்டி வீட்டில் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி வந்து சேரும் முதல் நாளிலேயே அவர் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டுப் பதிவு செய்யலாம். பயிற்சிப் படங்களை அவரவர் வாழ்க்கையிலிருந்து எடுக்கலாம். பாட்டிக்காக நான் உளி, மங்கு, வாளி, குத்துவிளக்கு என்று சில படங்கள் வரைந்து கொண்டுபோனேன். யாரும் அடியெடுத்துக் கொடுக்காமல் அவர் சரியாகச் சொன்ன முதல் சொல் 'மங்கு'. எத்தனை ஆயிரம் மரங்களில் பால் மங்கைக் கவிழ்த்து எடுத்த கை அது!

இனி, என் வயதுடையவர்களுக்கு. எஸ்பிஎம்மில் தமிழ் எடுத்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நம்மிடம் எப்போதும் கேட்கிறார்கள். ஆசிரியர் வேலை, வானொலி வேலை என்று பதில் சொல்லிச் சலித்துவிட்டோம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இலேயே பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. நாங்கள் மருத்துவமனைக்கு அலைந்த மாதங்களில், தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்று நம் வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் பட்டியலில் பேச்சுச் சிகிச்சை, உடற்பயிற்சிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிவியலும் தமிழும் சேர்ந்து தெரிந்த ஒருவருக்கு அந்த மேசையில் ஓர் இடம் காத்திருக்கிறது. பேரப்பிள்ளை அங்கே உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அன்பு இருக்கும் இடத்தில் பொய்யும் எளிதாக வந்துவிடும். அதற்கு நானே சாட்சி.

பாட்டி இன்றும் சில நாள்களில் கத்தரிக்கோலைக் கத்தரிக்காய் என்கிறார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன்.