ஸ்பினோசாவுக்குச் சிலை, அவர் கொள்கைக்குச் சிறையா?

ஒல்லாந்தின் ஹேக் நகரிலே 1880ஆம் ஆண்டு தத்துவஞானி ஸ்பினோசாவுக்குச் சிலை எடுத்தனர். பின்னாளில் அந்நாட்டின் ஆயிரம் கில்டர் நாணயத்தாளிலே அவர் முகத்தைப் பொறித்தனர். அம்ஸ்டர்டாம் நகரசபைக் கட்டடத்தின் அருகே 2008இல் மற்றுமொரு சிலை எழுந்தது. கண்ணாடிவில்லை தேய்த்து வாழ்ந்த சாது, இறைவனையே நினைந்து திளைத்த ஞானி என்ற பாராட்டுரைகளுக்கும் குறைவில்லை. சாதுதான், மறுப்பார் யார்? ஆனால் இப்புகழ்மாலைகளின் அடியிலே அவருடைய அரசியற் கொள்கையைப் புதைத்துவிடுகின்றனரே, அதனைத்தான் நாம் கண்டிக்கின்றோம்.

வெறும் சாதுவைக் கண்டு அதிகாரம் அஞ்சுமா? 1656 யூலை 27ஆந் திகதி, இருபத்துமூன்று வயது இளைஞரான அவரை அம்ஸ்டர்டாம் யூத சமூகம் சபித்து விலக்கியது. எவரும் அவரோடு பேசலாகாது, நான்கு முழத்துள் நெருங்கலாகாது, அவர் எழுதியதைப் படிக்கலாகாது என்று கட்டளை பிறந்தது. 1670இல் அவருடைய இறையியல் அரசியல் ஆராய்ச்சி நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அம்ஸ்டர்டாமில் அச்சிட்ட நூலின் முகப்பிலே ஹாம்பர்க் என்று பொய்யூர் போடவேண்டியிருந்தது. 1674இல் அது தடைசெய்யப்பட்டது. அவருடைய நண்பர் வட்டத்தைச் சேர்ந்த ஆத்ரியான் கூர்பாக், கற்றோரின் இலத்தீனை விடுத்துப் பொதுமக்கள் பேசும் தாய்மொழியிலே எழுதத் துணிந்தார். பத்தாண்டுச் சிறை விதித்தனர். 1669இல் சிறையிலேயே மாண்டார். தம் நூலின் ஒல்லாந்த மொழிபெயர்ப்பை நிறுத்துமாறு ஸ்பினோசா 1671இல் நண்பரைக் கேட்டதைக் கோழைத்தனம் என்போர், கூர்பாக்கின் முடிவை அறியாதவர்கள்.

அப்படி என்னதான் சொன்னார் ஸ்பினோசா? மனிதன் தன் உரிமைகள் பலவற்றை அரசிடம் ஒப்படைக்கலாம். சிந்திக்கும் உரிமையை அவனே விரும்பினாலும் ஒப்படைக்க இயலாது என்றார். ஆதலால் கருத்துக்கு விலங்கிடும் அரசு, தன்னால் ஆகாத காரியத்திலே தலையிடுகின்றது. நாவை அடக்கலாம். அதனால் விளைவது மனத்திலே ஒன்றும் வாயிலே ஒன்றுமாக வாழும் கூட்டம், முகத்துதிக்காரனுக்குப் பதவி, நேர்மையாளனுக்குத் தண்டனை. அரசு இருப்பதே மக்களின் சுதந்திரத்துக்காக என்பது அவர் கண்ட முடிபு.

சகிப்புத்தன்மையின் தந்தை என்று பலர் போற்றும் லொக்கின் 1689ஆம் ஆண்டுக் கடிதத்தை இதனோடு ஒப்பிடுக. அங்கே நாத்திகருக்கு இடமில்லை. வேற்றரசருக்குக் கட்டுப்பட்ட மதத்தாருக்கும் இடமில்லை. வலியவர் மனமிரங்கி அளக்கும் படியன்றோ அது! ஸ்பினோசா எவரிடமும் இரக்கம் கேட்கவில்லை. உன்னால் முடியாது என்று அரசின் முகத்துக்கு நேரே சொன்னார்.

சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. அவர் விலக்கப்பட்ட இரண்டாம் ஆண்டிலே, 1658இல், அதே ஒல்லாந்தக் குடியரசின் வணிகக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. உத்தியோகம் வேண்டின் ஞானஸ்நானம் வேண்டும். திருச்சபையிற் பதியாத மணத்துக்கு மதிப்பில்லை. பதிவேட்டிலே புரட்டஸ்தாந்தர் தொகை பெருகியது. வீட்டுக்குள்ளோ? அந்நியர் ஆட்சியிலே, விரதச் சோறுண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேளாதவர் நம்மில் யார்? 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. பதிவேட்டுச் சமயமும் பெரும்பாலும் அதனோடு கப்பலேறிற்று. ஸ்பினோசா யாழ்ப்பாணத்தை எண்ணி எழுதினாரல்லர். ஆயினும் அவர் நாட்டுக் கொடியின் கீழேயே அவர் சொல் மெய்யாயிற்று.

அவரைத் தெய்வமாக்க நாம் வரவில்லை. 1677இல் மரணத்தால் முற்றுப்பெறாது நின்ற தம் இறுதி அரசியல் நூலிலே, பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் ஆட்சியிற் பங்கில்லை என்று எழுதினார். பிழை, பெரும்பிழை. அவர் அளித்த அளவுகோலே அதனைக் காட்டிக்கொடுக்கின்றது.

எனவே, எந்நாட்டவராயினும், மாலையோடு அவர் சிலையை நாடிச் செல்லும் ஆட்சியாளரிடம் நாம் கேட்கின்றோம்: கருத்தைக் குற்றமாக்கும் பிரிவுகள் உங்கள் சட்டப்புத்தகத்திலே எத்தனை? அவற்றை நீக்கும் நாள் எது?