டேப்பா, லேப்டாப்பா? - தாத்தாவின் தோடியும் என் 35 ஆயிரமும்

செமஸ்டர் ஒரு வழியாக முடிந்தது. எத்தனை பேப்பர் தேறும் என்பதை ஆண்டவனிடம் விட்டுவிட்டு, ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஹாஸ்டலில் கீபோர்டு, கிதார், பிளாஸ்டிக் வாளி என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டிருக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிற ஜூனியர்கள் எல்லோரும் தவறாமல் கேட்கிற கேள்வி, "அண்ணே, மியூசிக் பண்ண டேப் வாங்கலாமா, லேப்டாப் வாங்கலாமா?" 2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருஷத்தில் அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்போவதாகத் தமிழக அரசு அறிவித்த நாளிலிருந்து இது பட்டிமன்றமாகவே ஆகிவிட்டது. நடுவராக சாலமன் பாப்பையா வருவதுதான் பாக்கி :-)

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற நிலைமை என்றால் லேப்டாப். பழசாக இருந்தாலும் லேப்டாப்தான். டேப் பிடிக்காததால் சொல்லவில்லை. சொல்லப்போனால் டேப்பைத் தொட்ட பிறகுதான் எனக்கு இசை பதிவு செய்கிற பைத்தியமே பிடித்தது. அப்புறம் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் குடும்பக் கதை சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவின் அப்பா நாதஸ்வரக்காரர். திருவாரூர் பக்கம் ஒரு சின்னக் கிராமம். கோயில், கல்யாணம், காதுகுத்து என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் வாசித்திருக்கிறார். பெரிய பேர் எல்லாம் கிடையாது. ரேடியோவிலோ கேசட்டிலோ வந்ததும் இல்லை. இப்போது வயது 78. முன்பல் இரண்டு ஆடுகிறது. நாதஸ்வரத்தில் சீவாளியை உதட்டில் கவ்விப் பிடித்து ஊத வேண்டும், பின்னால் பல் தாங்கல் இல்லையென்றால் பிடிமானம் போய்விடும் என்பார். பல்லை எடுத்துவிட்டால் அதோடு வாசிப்பும் முடிந்தது என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா பையனிடம் புது டேப் இருந்தது. தாத்தா "டேப்பு" என்றதும் டேப் ரெக்கார்டர் என்று நினைத்துக்கொண்டார். பாட்டி மாத்திரை என்று நினைத்துக்கொண்டார். (நிஜமாகவே நடந்தது, ஜோக்குக்காகச் சொல்லவில்லை.) நண்பனிடம் கடன் வாங்கிய மைக் ஒன்றைச் செருகி, ஒரு ரெக்கார்டிங் செயலியைத் திறந்து, இரண்டே நிமிஷத்தில் தயார். இரண்டு நாள் சாயங்காலம் தாத்தா வாசித்தார். கம்பீர நாட்டையில் மல்லாரி. 22 நிமிஷம் தோடி. இப்போது அதிகம் பேர் வாசிக்காத ரக்தி கொஞ்சம். இடையில் மூச்சு வாங்கினார், இருமினார், "இருடா தம்பி" என்றார். அதெல்லாமும் பதிவானது.

மூன்று வாரம் கழித்து டேப்பில் இடம் போதவில்லை என்று மாமா பெண் அந்தச் செயலியையே அழித்துவிட்டாள். உள்ளே இருப்பதும் சேர்ந்து அழியும் என்று டேப் கேட்டிருக்கிறது, அவள் சரி என்று அமுக்கியிருக்கிறாள். பரீட்சைக்கு ஏதோ ஆப் போட வேண்டுமாம். அவளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கே வேறு இடத்துக்குப் பிரதி எடுத்து வைக்காத என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கேதான் என் வாதம் ஆரம்பிக்கிறது. லேப்டாப்பில் பாட்டு என்பது ஒரு ஃபோல்டருக்குள் இருக்கிற கோப்பு. நீங்கள் ரெக்கார்டிங் மென்பொருளை அழித்தாலும் பாட்டு அதன் பாட்டுக்குக் கிடக்கும். பென்டிரைவைச் செருகி இழுத்துப் போட்டால் முடிந்தது. டேப்பில் பெரும்பாலும் பாட்டு அந்தச் செயலியின் வயிற்றுக்குள் இருக்கும். செயலி போனால் பாட்டும் போச்சு. வெளியே எடுக்க வழி இல்லாமல் இல்லை. ஐபேடில் 2017-லேயே கோப்புகளைப் பார்க்கிற வசதி வந்துவிட்டது, 2019-ல் பென்டிரைவ் செருகுகிற வசதியும் வந்துவிட்டது. ஆனால் வழி இருப்பது வேறு, அது கண்ணெதிரே இருப்பது வேறு. கோப்பு எங்கே இருக்கிறது என்கிற கவலையே உனக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் டேப்பையே செய்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை வேண்டும் ஐயா.

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் மட்டும் சாகாதா என்று கேட்பீர்கள். சாகும், எங்கள் அக்காவின் பள்ளிக்கூடத்து இலவச லேப்டாப்பில் செத்தது. ஆனால் கழற்றி வேறு ஒன்றை மாட்டினோம். டேப்பில் உள்ளே இருக்கிற சேமிப்பிடம் ஒட்டி வந்ததுதான், கழற்றி மாற்ற முடியாது. ஒரு சின்னக் கணக்கு: 24 பிட், 48 ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒற்றை மைக் பதிவு நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்பி. ஐந்து நிமிஷப் பாட்டு, 20 டிராக் என்றால் கிட்டத்தட்ட 860 எம்பி. தப்பாகப் பாடி மறுபடி எடுத்த டேக்குகளையும் சேர்த்தால் ஒரு பாட்டே பல ஜிபியைத் தின்னும். சினிமாவும் செல்ஃபியும் போக மிச்ச இடத்தில் எத்தனை பாட்டு வைப்பீர்கள்?

சரி, டேப்பின் பக்கமும் பேசுவோம். இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கும்மிவிடுவீர்கள்.

முதல் விஷயம், கமகம். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமா? இடது கையால் பிட்ச் வீலை உருட்டிக்கொண்டே வலது கையால் வாசிக்கலாம், ஆனால் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி இருக்கும். டேப்பின் கண்ணாடியில் விரலை இழுத்தால் ஸ்வரம் கூடவே வழுக்கிக்கொண்டு வருகிறது. ஜியோஷ்ரெட் என்கிற ஐபேட் செயலியில் மகேஷ் ராகவன் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். ஏ.ஆர். ரஹ்மான் 2009-ல் வந்த 'டெல்லி 6' படத்தில் 'ரெஹ்னா தூ' பாட்டுக்கு கான்டினூம் என்கிற வாத்தியத்தை வாசித்தார். அதுவும் இப்படி விரலை வழுக்க விடுகிற ஜாதிதான், விலை மட்டும் லட்சங்களில். அதே மாதிரியான சுகம் ஒரு டேப்பில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. இதில் லேப்டாப் பக்கத்திலேயே வர முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, சத்தம். லேப்டாப்பின் விசிறி நல்ல அமைதியான ஆலாபனையின் போதுதான் சரியாகச் சுற்ற ஆரம்பிக்கும். சார்ஜர் மாட்டியிருந்தால் பழைய வயரிங் வீடுகளில் "கொர்ர்" என்று ஒரு இரைச்சல் வேறு. (சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள், பாதி நேரம் சரியாகிவிடும்.) டேப்பில் பெரும்பாலும் விசிறியே கிடையாது.

மூன்றாவது, தாமதம். நீங்கள் வாசித்ததற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் உள்ள இடைவெளி. விண்டோஸ் லேப்டாப்பை வாங்கின கையோடு திறந்து வாசித்தால் இது எரிச்சலாக இருக்கும். ஏசியோ டிரைவர் போட்டு, பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைத்தால் அந்தப் பங்கு 3 மில்லி செகண்டுக்கும் கீழே வந்துவிடும். 1024-ல் விட்டால் 23 மில்லி செகண்ட். சத்தம் காற்றில் ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. அதாவது 23 மில்லி செகண்ட் என்பது தவில்காரர் உங்களை விட்டு எட்டு மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. ஐபேடில் இந்தத் தலைவலி குறைவு. மலிவான ஆண்ட்ராய்டு டேப்புகளில் அப்படி நம்ப முடியாது, வாங்குமுன் வாசித்துப் பார்த்துவிடுங்கள். எதை வாங்கினாலும் புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்க உட்காராதீர்கள், தாளம் தனியாக, நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

அப்புறம் என்ன, டேப்பே ஜெயித்துவிட்டதே என்கிறீர்களா? இருங்கள்.

2010-லேயே கொரில்லாஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பெரும்பாலும் ஐபேடிலேயே 'தி ஃபால்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. கென்ட்ரிக் லமாரின் 2017 ஆல்பம் 'டேம்'-இல் 'பிரைட்' பாட்டின் அடிப்படையை ஸ்டீவ் லேசி ஐபோனில்தான் போட்டார். டேப் கட்சிக்காரர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் எடுத்துவிடுவார்கள். உண்மைதான். ஆனால் கொரில்லாஸின் டேமன் ஆல்பர்னுக்கு லண்டனில் சொந்த ஸ்டூடியோ இருக்கிறது. அவருக்கு ஐபேட் இரண்டாவது கருவி. நமக்கு வாங்கப் போவதே ஒன்று. லேசி கதையில் எனக்குத் தெரிகிற பாடம், போனே போதும் என்பதுதான். போன் ஏற்கெனவே நம் பாக்கெட்டில் இருக்கிறதே! அதன் பெரிய அண்ணனை எதற்கு 35 ஆயிரம் கொடுத்து வாங்க வேண்டும்?

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். 2025-ல் வந்த அடிப்படை ஐபேட் அறிமுகமானபோது இந்தியாவில் 34,900 ரூபாய். ஒரே ஒரு துளை. 2022 மாடலிலிருந்து அடிப்படை ஐபேடிலும் ஹெட்போன் துளை கிடையாது. மைக் செருக வேண்டும், சார்ஜ் ஏற்ற வேண்டும், ஹெட்போன் மாட்ட வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஹப் வாங்க வேண்டும். லாஜிக் புரோ ஐபேடுக்கு 2023-ல் வந்தபோது மாதச் சந்தா 4.99 டாலர். கராஜ்பேண்ட் இலவசம், அருமையானதும்கூட. ஆனால் சில மாதத்தில் அதைத் தாண்டிப் போக மனசு கேட்கும். லேப்டாப்பில் ரீப்பர் என்று ஒன்று இருக்கிறது. 60 நாள் எல்லா வசதிகளோடும் சும்மா பயன்படுத்தலாம், சலுகை உரிமம் 60 டாலர். என் பழைய மெஷினிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. போதாததற்கு விஎஸ்டி என்கிற ஏற்பாடு 1996-ல் வந்ததிலிருந்து உலகம் முழுவதும் ஆட்கள் இலவசமாக எழுதிப் போட்ட வாத்தியங்களும் எஃபெக்டுகளும் குவிந்து கிடக்கின்றன. அதில் எதுவும் ஐபேடில் அப்படியே ஓடாது, அதற்கென்று தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு.

அதோடு மிக்ஸிங் என்கிற வேலை. பதினைந்து டிராக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு இருமலை மட்டும் நறுக்கி, அதன் ஓரத்தைத் தேய்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். மவுசும் கீபோர்டும் இருந்தால் பத்து நிமிஷம். விரலால் செய்தால் பொறுமை போய், இருமல் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். (தாத்தாவின் இருமலை நான் நறுக்குவதாக இல்லை, அது வேறு விஷயம்.)

இதனால் கையில் இருந்த 35 ஆயிரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேட் ஒன்று 21 ஆயிரத்துக்கு வாங்கினேன். அம்மாவின் சீட்டுப் பணம் அது, அதனால் மூன்று கடை ஏறி இறங்கித்தான் வாங்கினேன். மிச்சத்தில் இரண்டு மைக் செருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ், வயர் வைத்த ஹெட்போன், இரண்டு பென்டிரைவ். ஒன்று என்னிடம், ஒன்று அம்மாவின் பீரோவில். வாத்தியமாக வாசிக்க ஆசை வரும்போது ரூம்மேட்டின் ஐபேடைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு அவனுடைய ஒரு ரெக்கார்டை எழுதிக் கொடுக்க வேண்டும். ஹி ஹி.

நாளைக்கு ராத்திரி பஸ். தாத்தாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். பல் டாக்டரிடம் போவதைப் பத்து நாள் தள்ளி வைத்திருக்கிறாராம். போன தடவை மைக்கை அணசுக்கு நேராக வைத்து சத்தம் உடைந்தது. இந்த முறை நாலைந்து அடி தள்ளி, விரல் துளைகளைப் பார்த்த மாதிரி வைக்கப் போகிறேன். நாதஸ்வரத்தின் நாதம் அந்தத் துளைகளிலிருந்தும் வருகிறது. உச்சத்தில் ஊதும்போதும் மீட்டர் மைனஸ் 12-ஐத் தாண்டாமல் வைத்தால் போதும், 24 பிட்டில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

தோடியை மறுபடி வாசிப்பாரா என்று கேட்டேன். "போன தடவை மாதிரி வராதுடா தம்பி. வர்றது வரட்டும், நீ வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தடவை அந்த டேப்பு வேணாம்" என்றார்.

பி.கு: மைக் ஸ்டாண்ட் ஒன்று வேண்டும். வகுப்பில் யாரிடமாவது இருந்தால் நாளை சாயங்காலத்துக்குள் என் ரூமில் கொடுக்கவும். பத்திரமாகத் திருப்பித் தருவேன், நம்புங்கள்.