புற ஊதா ஒளியில் களைக்கொல்லி

மக்காச்சோள வயலில் தெளிக்கும் களைக்கொல்லியான அட்ரசின், 222 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும்; எவ்வளவு உறிஞ்சியது என்பதிலிருந்து அதன் செறிவைக் கணக்கிடலாம். கல்லூரி ஆய்வகங்களில்கூட இருக்கும் நிறமாலை ஒளிமானி இதற்குப் போதும் என்பதால், எச்சப் பரிசோதனையைப் பரவலாக்க இதுவே நடைமுறை வழி என்பேன். மண்ணின் மக்கில் உள்ள ஹியூமிக் அமிலமும் பயிரின் சாறும் அதே ஒளியை உறிஞ்சுமே என்பது வலுவான மறுப்புதான். கருவிக்கு மருந்தும் மக்கும் ஒன்றே. அதனால்தான் கரைப்பானில் பிரித்தெடுத்த சாற்றை உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாயில் வடித்துத் தூய்மையாக்கி, மருந்து படாத அதே மண்ணின் சாற்றோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் வரும் எண் வெறும் எண். இன்னொரு மறுப்பை ஏற்கத்தான் வேண்டும்: கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இந்த ஒளிக்கு ஏறக்குறைய அகப்படுவதே இல்லை, நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து நிறமேற்றினால்தான் தெரியும். குடிநீரில் ஒரு களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அந்த நுண்மையும் இந்த முறைக்கு நேரடியாக எட்டாது. எனவே ‘எச்சம் இல்லை’ என்று சான்று தரும் அதிகாரத்தை இக்கருவிக்குக் கொடுக்கக் கூடாது. மருந்து மிகுந்த மாதிரிகளைச் சலித்தெடுத்து, குரோமட்டோகிராபி வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலையைக் கொடுக்கலாம்.